நான்காவது தக்பீர்

"இவனுக்குப் புத்தி சரியில்லை. அதனால பொண்ணுக்கு வலீ நான்தான்," என்றார் வீரான்குட்டி. சொல்லிவிட்டு சுலைமானி டீ கிளாஸைக் கையில் எடுத்து ஊதினார்.

ஜசீம் எதிர் நாற்காலியில்தான் இருந்தான். பேச்சு தன்னைப் பற்றி என்பது தெரிந்தது. கோபம் வர வேண்டிய இடம் இது என்பதும் தெரிந்தது. வரவில்லை. வீரான்குட்டி மூத்தாப்பாவின் மீசையில் ஒட்டியிருந்த தேயிலைத் துணுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்தது தங்கை தஸ்னியின் நிக்காஹ் விஷயம். உப்பா இல்லாத வீட்டில் பெண்ணை நிக்காஹ் செய்து கொடுக்கும் உரிமை, அதாவது வலீ என்ற இடம், கூடப் பிறந்தவனுக்கு. அவன் புத்தி தெளிந்தவனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த உரிமை உப்பாவின் அண்ணனுக்குப் போகும். அண்ணன் இந்த வீரான்குட்டிதான். அவர் கைக்குப் போனால் நிக்காஹ் நடக்காது. மாப்பிள்ளை ரமீஸ், தஸ்னி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நல்ல பையன், தொழுகை உள்ளவன். ஆனால் அவனுடைய தாத்தா வீடு வீடாகப் போய்த் தலை மழித்தவர், பிள்ளைகளுக்கு சுன்னத் செய்தவர். ஒஸ்ஸான். மற்ற நாளில் அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை. கல்யாணப் பேச்சு வந்தால் மலப்புறம் ஜில்லா முழுக்க ஞாபகம் வந்துவிடும்.

"நீங்க சொன்னா ஆச்சா? என்ன ஆதாரம்?" என்றார் ஹைதரூஸ் முஸ்லியார். மஹல்லுப் பள்ளிவாசலின் கத்தீப், ஊரில் நிக்காஹ் நடத்தி வைப்பவர். எந்த வழக்கும் தன் மடியில் விழக் கூடாது என்று நினைக்கிறவர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆதாரமா? மஞ்சேரி ரோட்டுல மழையில நிக்கிறான். குடை கையில இருக்கு, விரிக்கலை. ஜீப்பை நிறுத்தி ஏறுடான்னேன். 'யாரைக் கூப்பிடுறீங்க'ன்னு என்னையே கேக்குறான். பள்ளியில தொழும்போது எல்லாரும் குனிஞ்சாச்சு, இவன் மட்டும் விளக்குக் கம்பம் மாதிரி நிக்கிறான். நீங்களே பார்த்திருப்பீங்க."

"பார்த்தேன்."

"பொண்டாட்டி மய்யித்து வீட்டுல கிடக்கு. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வந்தவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுட்டு இருக்கான். புத்தியுள்ளவன் செய்யுற வேலையா?"

உள் அறைத் திரைக்குப் பின்னாலிருந்து தஸ்னியின் குரல் வந்தது. "அந்த நாற்காலியில நீங்கதானே மூத்தாப்பா முதல்ல உக்காந்தீங்க?"

"தஸ்னி, வாயை மூடு," என்றாள் உம்மா.

"மூடுறேன் உம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு மூடுறேன். முஸ்லியாரே, எங்க ஜசீம் காக்காவுக்கு இது அண்ணி போனதிலேர்ந்துன்னு மூத்தாப்பா சொல்றாரு. அதுக்கு அடுத்த வருஷம்தான் உப்பா போனாங்க. அடக்குறதுக்கு முன்னால உப்பாவுக்கு ஜனாஸா தொழ வச்சது யாரு?"

முஸ்லியார் கடிகாரத்தை விட்டுத் தலையைத் தூக்கினார்.

"காக்காதான் வச்சாங்க. நீங்க வைக்கப் போனீங்க முஸ்லியாரே. 'மகன் இருக்கும்போது வேற யாரு'ன்னு காக்கா தோளைப் பிடிச்சு முன்னால தள்ளினது யாரு? மூத்தாப்பா. முதல் வரிசையில பின்னால நின்னு தொழுதது யாரு? மூத்தாப்பா. புத்தியில்லாதவன் பின்னாலயா உங்க தம்பியை அனுப்பி வச்சீங்க?"

வீரான்குட்டி கிளாஸைக் கீழே வைத்தார். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

முஸ்லியார் ஜசீமின் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு மோனே. அன்னைக்கு நீ புத்தியோடதானே நின்ன? நாலு தடவை அல்லாஹு அக்பர்னு தக்பீர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். திரை அசைந்தது. தஸ்னி அந்தச் சொல்லுக்காக அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

ஜசீம் தேடிப் பார்த்தான். வெள்ளைத் துணி போட்ட சந்தூக்குப் பெட்டி. தன் முதுகு. தன் முதுகை எப்படிப் பார்த்தோம்? அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"ஞாபகம் இல்லை," என்றான்.

"கேட்டீங்களா?" வீரான்குட்டி எழுந்தே விட்டார். "அவன் வாயாலயே வந்துருச்சு. அவனைத் தள்ளிவிட்டது நான். அந்தப் பாவம் என் மேலதான். சரி, நானே தீர்க்குறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் என் தம்பி கப்றடியில நின்னு நான் திரும்பத் தொழ வைக்கப் போறேன். ஒரு பைத்தியத்தோட தொழுகையில அவன் மண்ணுக்குள்ள கிடக்க வேண்டாம். கப்றுல தொழலாமில்ல முஸ்லியாரே?"

"தொழலாம். தடை இல்லை."

"நீங்க வருவீங்களா?"

"நான் ஒரு தடவை தொழுதாச்சு. எனக்கு அது போதும்." முஸ்லியார் செருப்பைத் தேடினார். வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார். "ஞாபகம் இல்லைன்னா புத்தி இல்லைன்னு ஆகாது. நேத்து விடியக்காலை சுப்ஹுல நான் எந்த சூரா ஓதினேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. ஆனா வெள்ளிக்கிழமை ஊரே போய் வீரான்குட்டி காக்கா பின்னால நின்னா, இவனை வலீயா உக்கார வச்சு என்னால நிக்காஹ் நடத்த முடியாது. நாளைக்கு ஒருத்தன் எழுந்து இது செல்லாதுன்னுவான். கேவலம் பொண்ணுக்குத்தான்."

அவர்கள் போன பிறகு தஸ்னி திரையைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஒரு 'ஆமா' சொல்லத் தெரியாதா காக்கா உங்களுக்கு? எல்லா இடத்துலயும் ஆளு இல்லாம இருக்கீங்க. பொய் சொல்ல வேண்டிய இடத்துல மட்டும் கரெக்டா வந்து உக்காந்துக்குறீங்க."

"அது உப்பாவோட தொழுகை."

"இது என் வாழ்க்கை."

அவள் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனாள். மூத்தாப்பா குடித்ததை மட்டும் தனியாக, இரண்டு விரலால் பிடித்து எடுத்துப் போனாள்.

மனைவி நிஹாலாவுக்கு எலிக்காய்ச்சல் வந்து, வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் வந்து சொன்னார். சரி என்றான். அந்தச் 'சரி' வெளியே போனபோது அவனும் கூடப் போய்விட்டான் என்றுதான் பின்னால் யோசித்தபோது தோன்றியது. அதன் பிறகு கை கண்ணில் பட்டால் கடையில் தொங்கும் கையுறை மாதிரி இருக்கும். பேசினால் பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல் கேட்கும். ட்யூஷன் சென்டரில் கெமிஸ்ட்ரி எடுத்துக்கொண்டிருக்கும்போது, நன்றாக எடுக்கிறாரே யார் இவர் என்று தோன்றும். நிஹாலாவின் முகம் நினைவில் இருந்தது, யாரோ காட்டிய போட்டோவைப் போல.

மூத்தாப்பா ஒருமுறை பொன்னானிப் பக்கத்திலிருந்து ஓதிப் பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்தார். ஜின்னாம். அந்த ஆள் முகத்தில் தண்ணீரை அடித்து, காதருகே வந்து கத்தினான். "உள்ள இருக்கிறது யாரு? பேரைச் சொல்லு!"

"அதைத்தான் நானும் தேடுறேன்," என்றான் ஜசீம்.

கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. வலித்தது. கொஞ்ச நேரம் வீடு வீடாகத் தெரிந்தது. அதைச் சொன்னால் தினமும் அறைவார்கள் என்று சொல்லாமல் விட்டான்.

கோழிக்கோட்டு டாக்டரம்மா வேறு மாதிரி சொன்னாள். "இது பைத்தியம் இல்லை. பைத்தியம் பிடிச்சவனுக்குத் தான் காணாமப் போனது தெரியாது. உங்களுக்குத் தெரியுது. உங்க கஷ்டமே அதுதான்." மாத்திரை கொஞ்சம், பேச்சு நிறைய. போவது தெரிந்ததும் எதையாவது பிடித்துக்கொள்ளச் சொன்னாள். குளிர்ந்த தண்ணீர், சொரசொரப்பானது எதுவாவது, எண்ணிக்கை. தொழுகைக்கு முன் ஒளு எடுக்கிற தண்ணீரையும், நெற்றி படுகிற பாயையும், விரல் கணுவில் திக்ர் எண்ணுவதையும் அவன் சொன்னான். "அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்று சிரித்தாள்.

அவள் நினைத்தது போல் எளிதாக இல்லை. தொழுகைதான் அவன் அதிகம் தொலைந்துபோகிற இடம். வரிசையில் நின்றதும் தன் பிடரியைத் தானே பின்னாலிருந்து பார்ப்பான். உதடு ஓதிக்கொண்டிருக்கும். ஓதுகிறவன் இல்லாத ஓதல் யாருடைய கணக்கில் சேரும் என்று யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். கட்டிய கையின் கட்டைவிரல் நகத்தை அடுத்த விரல் கணுவில் அழுத்துவான். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கணு. சில நாள் அது பிடித்து நிறுத்தும். சில நாள் நிறுத்தாது.

வெள்ளிக்கிழமை புறப்படும்போது தஸ்னி வாசலை மறித்து நின்றாள்.

"ஜும்ஆ முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வாங்க. பள்ளிக்காட்டுப் பக்கம் தலைவச்சும் படுக்காதீங்க. நீங்க போய் அந்த வரிசையில நின்னா, அன்னைக்கு நீங்க வச்ச தொழுகை செல்லாதுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. கேக்குதா? உள்ள யாராவது இருக்கீங்களா?"

"ம்."

"'ம்'-ஆம். சொல்லிட்டாரு."

தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் வீரான்குட்டி முதல் வரிசையில் எழுந்து நின்றார். என் தம்பிக்காக வருகிறவர்கள் வாருங்கள் என்றார். கட்டளை மாதிரிதான் இருந்தது. சிலர் சட்டென்று செருப்பு இருக்கும் பக்கம் நழுவினார்கள். மஹல்லு செயலாளர் மணி அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். ஆனாலும் ஆள் சேர்ந்தது. பள்ளிக்குப் பின்னாலிருந்த பள்ளிக்காட்டில், கப்றுகளுக்கு நடுவே, உப்பாவின் தலைமாட்டு மீஸான் கல்லுக்கு முன்னால் ஒரு வரிசை நிறைந்தது. இரண்டாவது தொடங்கியது. முஸ்லியார் தள்ளி, பலாமரத்தடியில் நின்றுகொண்டார். தொழப் போவதில்லை, எண்ணப் போகிறார்.

ஜசீம் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டான். அங்கிருந்து பார்த்தால் உப்பாவின் கப்று தெரிந்தது. அதன் மேல் வைத்த மயிலாஞ்சி, மருதாணிச் செடி, இடுப்பளவு வளர்ந்திருந்தது. அவன்தான் நட்டான் என்று உம்மா சொல்வாள். நட்டது ஞாபகம் இல்லை. தொழ வைத்தது ஞாபகம் இல்லை. உப்பாவுக்காக அவன் நிற்க வேண்டிய ஒரே இடத்தில் அவன் நின்றிருக்கவில்லை. இப்போது அதே தொழுகை பத்தடியில் மறுபடி நடக்கப் போகிறது.

தஸ்னி சொன்னதும் ஞாபகம் இருந்தது. செருப்பைக் கழற்றினான்.

ஹவுள் தொட்டிக்குப் போய் மறுபடி ஒளு எடுத்தான். தண்ணீர் முழங்கையில் ஓடியது சில்லென்று இருந்தது. இரண்டாம் வரிசையின் ஓரத்தில் போய் நின்றான்.

முன்னால் நின்ற வீரான்குட்டியின் மூத்த மகன் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவனை இடித்தான். "பாருடா. பைத்தியமே வந்துருச்சு, தன் கேஸைத் தானே தோக்குறதுக்கு."

வீரான்குட்டியும் திரும்பினார். அவர் முகம் மலர்ந்ததை ஜசீம் முதல் தடவையாகப் பார்த்தான்.

"வா, வா. நீயே வந்து நிக்கிறது ரொம்ப நல்லது. எல்லாரும் பார்த்துக்குங்கப்பா." பலாமரத்தை நோக்கிக் குரலை உயர்த்தினார். "நீங்களும் பார்த்துக்குங்க முஸ்லியாரே."

கையை உயர்த்தி முதல் தக்பீர் சொன்னார். அல்லாஹு அக்பர்.

ஜனாஸா தொழுகையில் குனிவது இல்லை, சுஜூது இல்லை. நிற்பது மட்டும்தான். நான்கு தக்பீர், பிறகு சலாம். பிடித்துக்கொள்ள நெற்றிக்குப் பாய் கிடையாது. ஜசீமுக்கு முதல் தக்பீரிலேயே தரை தூரமாகப் போனது. தன் பிடரி தெரிந்தது. கழுத்தில் முடி வெட்டாமல் கிடந்தது. நகத்தை முதல் கணுவில் அழுத்தினான். போதவில்லை.

அப்போது காலில் சுரீர் என்றது. பலாமரத்திலிருந்து இறங்கிய முசுறு எறும்பு வரிசை அவன் நின்ற இடத்தின் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் நகரவில்லை. இன்னொன்று கடித்தது. கால் அவனுடையதாக இருந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு மேலே ஏறினான். முட்டி, இடுப்பு, கட்டிய கை. பாத்திஹா ஓதி முடித்தான்.

இரண்டாவது தக்பீர். இரண்டாவது கணு. நபியின் மேல் ஸலவாத்து.

மூன்றாவது தக்பீர். மூன்றாவது கணு. இறந்தவருக்கான துஆ. யா அல்லாஹ், என் உப்பாவை மன்னித்துவிடு. உதடு சொன்னதை ஜசீம் கேட்டான். உப்பாவின் மூக்குப்பொடி வாசனை ஞாபகம் வந்தது. மற்றதெல்லாம் வரும்போது போட்டோவாக வரும். இது வாசனையாகவே வந்தது.

முன்னால் ஒரு சத்தம். வீரான்குட்டி அழுதுகொண்டிருந்தார். தோள் குலுங்கியது. தம்பியும் அவரும் ஒரே சைக்கிளில் கடைக்குப் போனவர்கள். வெகுநேரம் நின்றார். மூக்கை உறிஞ்சினார். பிறகு சலாம் கொடுக்க முகத்தை வலப்பக்கம் திருப்பினார்.

நான்காவது கணு காலியாக இருந்தது.

வரிசையில் மற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் செருமினார். இமாமுக்குப் பிழை வந்தால் பின்னால் நிற்கிறவன் ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்ல வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வீரான்குட்டியைத் திருத்திப் பழகிய வாய் அங்கே ஒன்றும் இல்லை.

"ஸுப்ஹானல்லாஹ்!"

உரக்க வந்தது. பக்கத்து அறையிலிருந்து வரவில்லை. தொண்டை எரிந்தது.

வீரான்குட்டியின் முகம் பாதித் திரும்பலில் நின்றது. மெல்ல நேராகத் திரும்பியது. "அல்லாஹு அக்பர்," என்றார். நான்காவது. துஆ. சலாம்.

முடிந்ததும் சுற்றித் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "யாருடா அது?"

"ஜசீம்," என்றான் அவருடைய மகன்.

"நான் நாலும் சொன்னேன்."

"மூணு," என்றார் முஸ்லியார், மரத்தடியிலிருந்து.

"மூணுதான் காக்கா," என்று முதல் வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. "புத்தியுள்ளவன் ஒருத்தனும் எண்ணலை போல." யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள்.

முஸ்லியார் பக்கத்தில் வந்தார். "திருத்தினதை நீங்க எடுத்துக்கிட்டீங்க. அதை வச்சுத்தான் தொழுகையை முடிச்சீங்க. புத்தியில்லாதவன் பேச்சைக் கேட்டு முடிச்சிருந்தா இது என்ன தொழுகை? மூணாவது தடவை தொழப் போறீங்களா வீரான்குட்டி காக்கா? நான் வேணா நாற்காலி போடச் சொல்றேன்." பிறகு ஜசீமிடம், "ஞாயித்துக்கிழமை நிக்காஹ். நேரத்துக்கு வந்து உக்காரு. காலைச் சொறியாதே," என்றார்.

கூட்டம் கலைந்தது. வீரான்குட்டி போகவில்லை. ஜசீமின் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

"என் தம்பி கப்றடியில என்னைக் கேவலப்படுத்திட்ட."

"தக்பீர் மூணுதான் ஆச்சு மூத்தாப்பா."

"எண்ணத் தெரிஞ்சவனாக்கும். அன்னைக்கு நீ எத்தனை சொன்ன? தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"நாலு." துப்புவதுபோல் சொன்னார். "நான் எண்ணினேன். ஒண்ணு பிசகலை. குரல் கூட நடுங்கலை. பெத்த உப்பா கிடக்கான், ஒருத்தன் அப்படி நிக்க முடியுமா? அதை நான் கப்றுக்குப் போற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒஸ்ஸான் வீட்டு நெய்ச்சோறு எனக்கு இறங்காது. என்னைக் கூப்பிடாதே."

"சரி," என்றான் ஜசீம்.

அவர் போன பிறகும் அங்கேயே நின்றான். நாலு. மயிலாஞ்சி இலை ஒன்றைக் கிள்ளி விரலில் கசக்கினான். கசந்த வாசனை வந்தது.

வீட்டில் தஸ்னிக்கு அவனுக்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. "போகாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்று கத்தினாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள். வீங்கி, சிவப்புச் சிவப்பாக இருந்தது. உள்ளே போய் மருந்தைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். தூக்கிப் போட்டாள் என்றும் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை பந்தலில் ரமீஸும் அவனும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். வலது கையோடு வலது கை. ரமீஸின் கையில் டெட்டால் வாசனை. முஸ்லியார் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும் பந்தலின் வெள்ளைத் துணி தூரமாகப் போனது, தலைகள் தூரமாகப் போயின. ஜசீம் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தான். ரமீஸ் சட்டென்று கையை நெரித்தான். எலும்பு நொறுங்குகிற மாதிரி.

"மன்னிச்சுக்குங்க அளியா," என்று உதடு அசையாமல் சொன்னான். "வலிக்கப் பிடின்னு தஸ்னி சொல்லியிருக்கா."

"என் தங்கை தஸ்னியை, பேசிய மஹருக்கு, உனக்கு நான் நிக்காஹ் செய்து கொடுத்தேன்," என்றான் ஜசீம்.

"ஏற்றுக்கொண்டேன்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூத்தாப்பா வீட்டு ஜன்னல்கள் நடுப்பகலில் மூடியிருந்தன. வராத சொந்தத்துக்குச் சோறு கொடுத்தனுப்புவது வழக்கம். உம்மா ஒரு பாத்திரம் நெய்ச்சோறும் இறைச்சியும் மூடிக் கட்டி அனுப்பினாள். கட்டு அவிழாமல் திரும்பி வந்தது. அடுக்களைத் திண்டில் அதை வைத்துவிட்டு உம்மா அழுதாள்.

ஜசீம் கட்டை அவிழ்த்தான். ஒரு தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இறைச்சியைப் பிய்த்தபோது நெரிபட்ட விரல்கள் நொந்தன. ஒரு வாய் வைத்தான். இன்னொரு வாய்.

"உப்பு கூடிப்போச்சு," என்றான்.

புடவையும் நகையுமாக நின்ற தஸ்னி திரும்பினாள்.

"பாருங்க உம்மா. கல்யாணச் சோத்துல குத்தம் சொல்ல ஆளு வந்துருச்சு."